கண்ணால் இயங்கும் கம்ப்யூட்டர் வாங்க நகையை அடகு வைக்கலாமா?

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 34 வயது. பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் 9 வருடம் வேலை பார்த்தவர். 14 மாதங்களுக்கு முன்னால் டூவீலர் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் சி6 (கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது நிலை) என்று எழுதியிருக்கிறார்கள். கால்கள் அசையவில்லை, விரல்களும் அசையவில்லை. தோளைத் தூக்குகிறார், முழங்கையை மடக்குகிறார், மணிக்கட்டை மேலே நிமிர்த்துகிறார். ‘கை போச்சு, இனி எனக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்’ என்று சொல்லிக்கொண்டு பகலெல்லாம் படுத்தே இருக்கிறார். பார்வை அசைவை வைத்து இயங்கும் கம்ப்யூட்டர் என்று ஒரு விற்பனையாளர் மூன்றரை லட்சம் ரூபாய் விலை சொல்லியிருக்கிறார்; மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். வாசகி நகைகளை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். இதற்கிடையில் கம்பெனி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு செட்டில்மெண்டை வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. வேலையிலிருந்து எடுக்கவே கூடாது என்று சட்டம் இருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னாராம். எதுவும் சரிவராவிட்டால், ‘அவர் சொல்லச் சொல்ல நானே உட்கார்ந்து டைப் செய்து கொடுத்துவிடுவேன்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘போனை மட்டும் சுண்டுவிரல் கணுவால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்.’ அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற முறையில் எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. உங்கள் கணவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விரல் போனபின் எந்த இடத்தால் திரையைத் தொட்டால் வேலை நடக்கும் என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். கம்ப்யூட்டரை இயக்க முடியுமா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிட்டது. எதை வைத்து, எவ்வளவு நேரம், எந்த வேலைக்கு என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

முன்பணம் கட்டாதீர்கள். பார்வையால் இயங்கும் கருவியை நான் குறை சொல்லவில்லை. கை கொஞ்சமும் அசையாதவர்களுக்கு, பேச்சும் போய்விட்ட மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கு, அது உலகத்தோடு பேசுகிற வழி. ஆனால் அதில் ஒரு பட்டனை அழுத்த வேண்டுமானால் அதையே சிறிது நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். கணக்கு வேலையில் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். இரண்டு தோளும் இரண்டு மணிக்கட்டும் வேலை செய்கிற ஒருவர், கண்ணை வருத்தி ஒவ்வொரு கட்டமாகத் தேடிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. விலை கூடிய கருவி என்றால் பலனும் கூடும் என்ற எண்ணம் இந்தத் துறையில் நிறையப் பேரைக் கடனாளி ஆக்குகிறது. உடம்பில் எந்த அசைவு மிச்சம் இருக்கிறது, செய்ய வேண்டிய வேலை என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். கருவி அதற்கப்புறம்தான்.

மணிக்கட்டை வைத்து என்ன செய்யலாம்?

சி6 அளவில் அடிபட்டவர்களுக்கு மணிக்கட்டை நிமிர்த்தும் தசை தப்பிவிடுகிறது. மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தானாகவே உள்ளே மடங்கும், கீழே தொங்கவிட்டால் விரியும். இதற்கு டெனோடெசிஸ் பிடி என்று பெயர். பேப்பரை எடுப்பது, பேனாவைப் பிடிப்பது, ஸ்பூனைப் பிடிப்பது என்று பலதும் இந்தப் பிடியில்தான் நடக்கும்.

இங்கே உடனே நிறுத்த வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் மாமியார் தினமும் எண்ணெய் தடவி, மகனின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் மணிக்கட்டு நிமிர்ந்திருக்கும்போது விரல்களையும் சேர்த்து நீட்டினால், அந்தப் பிடிக்குத் தேவையான இறுக்கம் தளர்ந்துபோகும். அதன்பின் மணிக்கட்டைத் தூக்கினாலும் விரல் மடங்காது. விரலை நீட்டிவிடும்போது மணிக்கட்டைக் கீழே மடக்கி வையுங்கள். விரலை மடக்கிவிடும்போது மணிக்கட்டை மேலே நிமிர்த்துங்கள். மாமியார் மசாஜ் செய்வதை நிறுத்த வேண்டியதில்லை. இந்த முறையை மட்டும் தெரபிஸ்ட் ஒருவர் நேரில் காட்டிக் கொடுத்துவிட்டால் போதும்.

டைப் செய்வதற்கு, உள்ளங்கையைச் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டும் ஒரு பட்டை இருக்கிறது. யுனிவர்சல் கஃப் என்பார்கள். அதன் பையில் ஒரு பென்சிலைத் தலைகீழாகச் செருகினால், ரப்பர் முனை கீழே வரும். அந்த முனையால் ஒவ்வொரு கீயாகத் தட்டலாம். ரப்பர் என்பதால் வழுக்காது. சில நூறு ரூபாயில் ஆகிற காரியம் இது, தையல் தெரிந்த நீங்களே தைத்தும் விடலாம். இரண்டு கைக்கும் ஒவ்வொன்று போட்டுப் பழகினால் வேகம் வரும். பட்டையைக் கழற்றியதும் தோலில் சிவப்புத் தெரிகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கையின் சுண்டுவிரல் பக்கம் அவருக்கு உணர்ச்சி குறைவாகத்தான் இருக்கும். இறுக்கினாலும் அவருக்குத் தெரியாது.

டேலிக்கு மவுஸ் அதிகம் வேண்டாம்

கணவர் 9 வருடமாக டேலியில் வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய அனுகூலம். டேலி கீபோர்டை நம்பியே வளர்ந்த கணக்கு மென்பொருள். பேமெண்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, சேல்ஸுக்கு எஃப்8, பர்ச்சேஸுக்கு எஃப்9 என்று அவருக்கு மனப்பாடமாகவே இருக்கும். சிக்கல் வருவது கண்ட்ரோல்+ஏ, ஆல்ட்+ஜி மாதிரி இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில். அதற்கு விண்டோஸிலேயே ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி இருக்கிறது. ஷிஃப்ட் கீயை 5 முறை தொடர்ந்து தட்டினால் கேட்கும், ஆமாம் என்று சொன்னால் போதும். அப்புறம் ஆல்ட்டை ஒரு தட்டு, பிறகு ஜி-யை ஒரு தட்டு. இரண்டும் சேர்த்து அழுத்தியதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. வீட்டில் வேறு யாராவது அதே கம்ப்யூட்டரில் வழக்கம்போல இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் தானாக அணைந்துபோகும். ‘காலையில் வேலை செய்தது, இப்போது செய்யவில்லை’ என்று குழம்பாமல், செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் கீபோர்டு பகுதிக்குப் போய், இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் அணைக்கும் அந்த ஒரு தேர்வை நீக்கிவிடுங்கள். அதே இடத்தில் ஃபில்டர் கீஸ் என்று இன்னொன்று இருக்கும். பென்சில் முனை ஒரு கீயின் மேல் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் 5 என்பது 5555 என்று விழுமே, அதைத் தடுக்க இது. கணக்கு எழுதுபவருக்கு இதன் அருமை தெரியும்.

லேப்டாப்பில் பல மாடல்களில் எஃப் வரிசைக் கீகள் ஒலியையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கத்தான் போகும். எஃப்5 வேண்டுமானால் கூடவே எஃப்என் கீயையும் அழுத்த வேண்டும். ஆகவே வெளியே செருகும் சாதாரணக் கீபோர்டு ஒன்று வாங்குங்கள். அது அகலம் குறைந்ததாகவும், எண்களுக்குத் தனியாக ஒரு சின்னப் பலகையோடும் இருந்தால் இன்னும் நல்லது. முழங்கையை நீட்டும் தசை அவருக்குப் பலவீனமாக இருக்கும் என்பதால் தூரத்துக் கீயை எட்டுவது தோளுக்குச் சுமை. மேஜை உயரம் வீல்சேரின் கைப்பிடி உள்ளே போகிற அளவுக்கு இருக்க வேண்டும். கடையில் விற்கும் கம்ப்யூட்டர் டேபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் கீபோர்டு தட்டு தொங்கும், முட்டி இடிக்கும். தச்சரிடம் சொல்லி ஒரு பலகையைச் சரியான உயரத்தில் அடித்துக்கொள்வதே மேல்.

மவுஸ் தேவைப்படும் இடங்களுக்கு, உதாரணமாக ஜிஎஸ்டி தளத்துக்கு, டிராக்பால் பாருங்கள். பெரிய பந்து மேலே இருக்கும். கையின் பக்கவாட்டால் உருட்டி, கணுவால் பட்டனை அழுத்தலாம். எண் பலகையையே மவுஸாக மாற்றும் மவுஸ் கீஸ் வசதியும் விண்டோஸில் இருக்கிறது. ஆனால் அவருக்கு அந்தப் பலகை தொகை போடத் தேவைப்படும். இரண்டும் மோதிக்கொள்ளும்.

பேசியே வேலையை முடிக்க முடியாதா?

ஓரளவுக்கு முடியும். விண்டோஸ் 11-இல் வாய்ஸ் ஆக்சஸ் இருக்கிறது. அதை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் கட்டளைகளைக் கேட்கும். இந்திய ஆங்கிலமும் அதற்குத் தெரியும். தமிழில் கட்டளை கொடுக்க முடியாது. தமிழில் கடிதமோ செய்தியோ எழுத வேண்டுமானால் போனில் ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டும், கம்ப்யூட்டரில் கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சும் நன்றாகவே கேட்டு எழுதுகின்றன. மெயில் எழுத, இணையத்தில் தேட இவை போதும்.

ஆனால் தொகைகளைக் குரலில் போடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பதினைந்தையும் ஐம்பதையும் கம்ப்யூட்டர் மாற்றிக் கேட்டுவிட்டால் அந்தத் தவறைத் தேடவே ஒரு நாள் போய்விடும். இன்னொன்று, கழுத்தில் அடிபட்டவர்களுக்கு விலா எலும்புத் தசைகள் வேலை செய்யாது. மூச்சு சீக்கிரம் தளரும், சாயங்காலம் குரல் இறங்கிவிடும். கையை முதன்மையாகவும் குரலைத் துணையாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

எதை வாங்கினாலும் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். சென்னை மெரினா எதிரே லேடி வெலிங்டன் வளாகத்தில் ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ இருக்கிறது. தமிழக அரசும் வித்யாசாகர் அமைப்பும் சேர்ந்து நடத்துவது. இப்படிப்பட்ட உதவிக் கருவிகளை அங்கே கையால் எடுத்து, பயன்படுத்திப் பார்க்கலாம். சென்னை கே.கே. நகரில் அரசுப் புனர்வாழ்வு மருத்துவ நிலையமும், வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வுப் பிரிவும் உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை நான் குறிப்பாகச் சொல்வேன். அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் சங்கத்தை ஆரம்பித்தார். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயோடு வீல்சேரில் இருந்தபடி பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்தவர். உங்கள் கணவரும் கணக்கு படித்தவர். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் அவருக்கு அதிகம் புரியும்.

கம்பெனியும் சட்டமும்

உறவினர் சொன்னது பாதி சரி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20-ஆவது பிரிவு, பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. தனியார் கம்பெனிக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. அதை நம்பி முதலாளியிடம் சண்டைக்குப் போனால் அவர்களுடைய வக்கீல் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்.

அதற்காகக் கைகட்டி நிற்கவும் வேண்டாம். அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு, தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதிகள், எந்தெந்த வேலைகள் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். ஆபீஸில் மட்டும் 60 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டு ஒரு மெயில் போடுங்கள். நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. தனியாரிடம் இதை எவ்வளவு தூரம் வலியுறுத்த முடியும் என்பதில் வாதத்துக்கு இடமுண்டு என்றாலும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கும் வழி திறந்தே இருக்கிறது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வசதிகளை ஒவ்வொருவரின் தேவையையும் தனியாகப் பார்த்து, அவரிடமே பேசி முடிவு செய்ய வேண்டும் என்றது.

ராஜினாமாவில் இப்போது கையெழுத்து வேண்டாம். விபத்து இழப்பீட்டு வழக்கு நடப்பதால், கம்பெனி கொடுக்கும் எந்தத் தாளையும் உங்கள் வழக்கறிஞர் பார்த்த பிறகே தொடுங்கள். கூடவே வீல்சேர், மெத்தை, கீபோர்டு, டிராக்பால், துணைக்கு இருப்பவரின் செலவு எல்லாவற்றையும் மருத்துவரிடம் பரிந்துரையாக எழுதி வாங்கி வழக்கறிஞரிடம் கொடுங்கள். இழப்பீட்டில் கேட்க வேண்டியவை அவை.

கம்பெனியிடம் வேலை கொடுங்கள் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிட, எந்த வேலை என்று எழுதிக் கேட்டால் மறுப்பது கடினம். ஆபீஸ் மாடியில், லிஃப்ட் இல்லை என்கிறீர்கள். ‘பேங்க் ரீகன்சிலியேஷன், வவுச்சர் என்ட்ரி, ஜிஎஸ்டி பில்களை ஒத்துப் பார்ப்பது ஆகியவற்றை வீட்டிலிருந்தே செய்கிறேன். மூன்று மாதம், தினமும் நாலு மணி நேரம், சோதனைக்கு வைத்துப் பாருங்கள்’ என்று அவர் பெயரில் கடிதம் போகட்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் பழக்கம் வீண் போகாது. திருப்பூரில் கணக்கு எழுத வெளியாள் தேடும் சின்ன யூனிட்டுகள் ஏராளம். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். கருவி உதவியோ கடனோ உதவித்தொகையோ, எதற்குப் போனாலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

உட்காரத் தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை

14 மாதம் படுத்திருந்தவரை முதல் நாளே நாலு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். கையில் பணம் இருந்தால் முதல் செலவு வீல்சேருக்கு நல்ல காற்று மெத்தையாக இருக்கட்டும். ஒரு படுக்கைப் புண் வந்தால் மாதக்கணக்கில் எல்லாம் நின்றுபோகும்.

லேப்டாப்பை மடியில் வைக்கவே கூடாது. அடிப்பக்கம் சூடேறித் தொடை வெந்தாலும் அவருக்குத் தெரியாது. உடம்பு வியர்த்துத் தன்னைக் குளிர வைத்துக்கொள்வதும் இந்த அளவு காயத்தில் குறைந்துபோகும். திருப்பூர் வெயிலுக்கு ஃபேனும் ஈரத் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

வேலைக்கு நடுவில் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, கழுத்துக்கு மேலே மட்டும் வியர்வை என்று வந்தால் அது கண் அசதி இல்லை. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று அர்த்தம். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று அங்கே சொல்லுங்கள். இந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி வீல்சேரிலேயே ஒட்டி வைப்பது நல்லது.

அவரிடம் கேட்டீர்களா?

இதை மனம் நோகாமல் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் விற்பனையாளர் பேசுகிறார், முதலாளி பேசுகிறார், மாமியார் பேசுகிறார், உறவினர் பேசுகிறார். உங்கள் வீட்டுக்காரர் ஒரே ஒரு வரிதான் பேசுகிறார். மூன்றரை லட்சம் ரூபாய்க் கருவியைப் பற்றி அவருக்குச் சொல்லவே இல்லை, ‘சர்ப்ரைஸாக இருக்கட்டும்’ என்றிருக்கிறீர்கள். வேண்டாம். அவரைக் கேட்காமல் வாங்கிய கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூலையில்தான் கிடக்கும். அவர் சொல்ல நீங்கள் டைப் செய்வதும் அவசரத்துக்குச் சரி. அதுவே ஏற்பாடாகிவிட்டால் பேங்க் பாஸ்வேர்டிலிருந்து நண்பருக்கு அனுப்பும் செய்தி வரை எல்லாமே உங்கள் கை வழியாகத்தான் போகும். அவருக்கென்று தனியாக எதுவும் இருக்காது. உங்களுக்கும்தான். செக்கிங் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறீர்கள். நீங்கள் வேலைக்குத் திரும்புவதும் இந்தக் கணக்கில் ஒரு பகுதி.

அவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், இரவில் தூங்குவதில்லை என்று எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. இது வெறும் சலிப்பு இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம், மருந்தும் பேச்சும் உதவும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். உயிரை விடுவது பற்றிப் பேசினால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிப் போங்கள்.

இந்த வாரத்துக்கு இவ்வளவு போதும்: விற்பனையாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ராஜினாமாத் தாளை வழக்கறிஞரிடம் கொடுங்கள், இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். போனில் அவரே தள்ளித் தள்ளிப் படிக்கட்டும். ஸ்டிக்கி கீஸைப் பார்க்கலாமா, ஆய்க்குடிக்குப் போகலாமா, இரண்டும் இப்போது வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். வேண்டாம் என்றால் இரண்டு வாரம் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள்.